வாக்குமூலம் என்றதும் அம்மா அழுதார்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு ஊருக்குப் பேசினேன். ஏன் மூன்று நாளாகக் கூப்பிடவில்லை என்று அம்மா கேட்டார். "ஒன்றும் இல்லை அம்மா, போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தேன்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு விசும்பல் கேட்டது. "என்ன தம்பி செய்துவிட்டாய்? எதை ஒத்துக்கொண்டாய்?"

நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் கிராமத்தில் வாக்குமூலம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: மாட்டிக்கொண்டவன் வாயைத் திறந்துவிட்டான். அம்மாவுக்கு விளக்கிச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. முழுதாக நம்பினாரா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

சிங்கப்பூரில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். ஸ்டோர் கீப்பர் வேலை. என்னுடன் வேலை செய்யும் தம்பிகள் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதைப் பார்க்கிறேன். 'ஐஓ (விசாரணை அதிகாரி) ஸ்டேட்மென்டுக்குக் கூப்பிடுகிறார்' என்றதும் ஒருவன் சாப்பிடாமல் கிடக்கிறான். இன்னொருவன் இதெல்லாம் சும்மா என்று எண்ணி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். இரண்டு பேரைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. இரண்டாமவனைப் பற்றித்தான் அதிகம்.

நடந்தது இதுதான். ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழே ஒரு காப்பிக் கடை. புதன்கிழமை இரவு எட்டரை மணி இருக்கும். தட்டில் இரண்டு குவளை தே தாரிக் ஏந்திக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். வரிசையில் நின்ற இளைஞர் ஒருவர் சட்டென்று திரும்பினார். முதியவரின் தோள் அவர்மேல் இடித்தது. சூடான தேநீர் இளைஞரின் சட்டையில் கொட்டியது. இருவரும் கத்தினார்கள். இளைஞரின் கை முன்னே நீண்டது. அடுத்த நொடி முதியவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது, போலீசார் வந்தார்கள், என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஒரு விசாரணை அதிகாரி அழைத்தார். முதலில் நம்பவில்லை. போலீஸ் என்று சொல்லி ஏமாற்றும் அழைப்புகள் எத்தனை வருகின்றன! அவர் பெயரையும் எந்த நிலையம் என்பதையும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன். அந்த நிலையத்தின் எண்ணை நானே தேடி எடுத்து அழைத்து, அப்படி ஓர் அதிகாரி உண்டா, இந்த வழக்கு அவரிடம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையான அதிகாரி பணத்தை மாற்றச் சொல்ல மாட்டார், வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார், ஏதோ செயலியைப் பதிவிறக்கச் சொல்ல மாட்டார். சந்தேகம் வந்தால் இப்போது 1799 என்ற எண்ணில் ஸ்கேம்ஷீல்டு உதவித் தொலைபேசி இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை போனேன். சிறிய அறை, ஒரு மேசை, ஒரு கணினி. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் வரும். ஆனால் ஒரு மனிதரின் கை எப்படி நீண்டது என்பதைச் சொல்லும் அளவுக்கு வராது. "தமிழில் பேச வேண்டும்" என்றேன். சிறிது நேரம் காத்திருந்த பிறகு ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார், நடுத்தர வயதுப் பெண்மணி, மிகவும் பொறுமையானவர். நான் தமிழில் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி தட்டச்சு செய்தார். இரண்டரை மணி நேரம் ஓடியது. பிறகு தாள்களை அச்செடுத்து என் முன் வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார்.

எனக்குப் பசி. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது அவர் படித்தார்: "முதியவர் அந்த இளைஞரை அடித்தார்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. "இடித்தார்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அந்த அம்மையாரைக் குறை சொல்ல முடியாது. 'தோளில் இடித்தார்' என்றால் நமக்குக் கூட்டத்தில் உரசிப் போவது. அதே 'இடித்தார்' வேறோர் இடத்தில் முழங்கையால் குத்துவதும் ஆகும். அவர் அதை ஆங்கிலத்தில் 'ஹிட்' என்று சொல்லியிருக்கிறார். அதையே மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்தபோது 'அடித்தார்' ஆகிவிட்டது. ஓர் எழுத்து மாறியதில், தேநீர் ஏந்தி வந்து கை உடைந்து கிடந்த கிழவர் சண்டையைத் தொடங்கியவராகிவிட்டார். இளைஞர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் கையை நீட்டினார் என்று யாரேனும் நாளை வாதாடினால், அதற்கு என் கையெழுத்தே சாட்சி.

பேனாவைக் கீழே வைத்தேன். "மன்னிக்க வேண்டும், முதலிலிருந்து மறுபடி படியுங்கள்" என்றேன்.

இரண்டாவது முறை கேட்டபோது இன்னும் இரண்டு இடங்கள் சிக்கின. தட்டு எடுக்கும் அம்மா அன்றிரவு என்னிடம், அந்த இரண்டு பேருக்கும் பழைய பணத் தகராறு என்று முணுமுணுத்தார். அதை நான் "இரண்டு பேருக்கும் முன்பே பணத் தகராறு இருந்ததாம்" என்று சொன்னேன். தாளில் 'இருந்தது' என்று இருந்தது. அந்த 'ஆம்' காணாமல் போய்விட்டது. நம் மொழியில் அந்த ஒரு விகுதி போதும், நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு நேரான விகுதி கிடையாது. 'இன்னார் சொன்னார்' என்று தனியாக ஒரு வாக்கியம் வேண்டும். இல்லாவிட்டால் காதில் விழுந்தது கண்ணால் கண்டதாகிவிடும். இங்கே அது ஒரு முன்பகைக்கே ஆதாரமாகப் போயிருக்கும்.

மூன்றாவது, 'தெரியவில்லை'. இளைஞரின் கை முதியவர்மேல் பட்டதா என்று அதிகாரி கேட்டார். "தெரியவில்லை" என்றேன். நடுவில் ஒரு தூண் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் சொன்னேன். தாளில் 'எனக்குத் தெரியாது' என்று வந்திருந்தது. பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். எனக்கு அதுதான் மிகப் பெரிய வித்தியாசமாகத் தோன்றியது. 'தெரியாது' என்றால் நான் கவனிக்கவில்லை, அல்லது எதையோ சொல்ல விரும்பவில்லை. தூண் மறைத்தது என்றால், வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கும், அவரைத் தேடலாம். அதைச் சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தத் தூண், நான் எந்த மேசை, அதற்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று கேட்டு, ஒரு தாளில் என்னை வரையச் சொன்னார்.

திருத்தங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. தவறான சொல்லைக் கோடிட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் என்னைச் சுருக்கொப்பம் இடச் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி முகம் சுளிக்கவில்லை. தாளில் தவறு இருப்பது அவருக்கும்தான் இடைஞ்சல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நம் எல்லாரிடமும் இருக்கும் பழக்கம். பெரியவர் பேசினால் நாம் உம் கொட்டுவோம். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்று பொருள். அதிகாரி ஒரு கட்டத்தில், "முதியவர் மிகவும் கோபமாக இருந்தார், அப்படித்தானே?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே "ம், சரி" என்றேன். கேள்வியை வாங்கிக்கொண்டேன் என்பதற்கான 'சரி' அது. தாளில் கேள்வி, அதன் கீழே பதில்: ஆம். நல்லவேளையாக அதையும் அன்றே பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு தலையை ஆட்டவே இல்லை. கேள்வி முழுதாக முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்து, பிறகு 'ஆம், கோபமாக இருந்தார்' அல்லது 'இல்லை, அவர் வலியில் கத்தினார்' என்று முழு வாக்கியமாகவே பதில் சொன்னேன். தம்பிகளிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

அந்த வாரம் சித்தப்பாவிடமும் பேசினேன். அவர் ஊரில் 30 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போட்டாயா? போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்தே கிடையாதே, யாரடா உனக்கு இதைச் சொன்னது?" என்று கத்தினார். அவர் ஊரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. இந்தியாவில் போலீசார் விசாரணையின்போது எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161, 162ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள புதிய சட்டத்திலும் அதே நிலைதான். போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. மாஜிஸ்திரேட் முன்னால்தான் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். 'போலீசில் என்ன சொன்னால் என்ன, கோர்ட்டில் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஊரில் பலர் சொல்லக் கேட்டு வளர்ந்ததற்கு இதுவே வேர்.

அந்த நினைப்போடு இங்கே வந்தால் தலையில் இடி விழும். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வேறு மாதிரி. அதன் 22ஆம் பிரிவின்படி, சம்பவம் பற்றித் தெரிந்த எவரையும் போலீசார் விசாரிக்கலாம். சொன்னதை எழுத வேண்டும், அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், ஆங்கிலம் புரியாதவருக்குப் புரிகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், அவர் கையெழுத்திட வேண்டும். ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது நம்முடைய உரிமை, யாரும் செய்கிற தயவு இல்லை. 'பரவாயில்லை சார், ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்' என்று கௌரவத்துக்காகச் சொல்லிவிடாதீர்கள்.

அதே 22ஆம் பிரிவு சாட்சிக்கும் சந்தேக நபருக்கும் பொதுவானது. இன்று சாட்சியாக உட்கார்ந்தவர் நாளை குற்றஞ்சாட்டப்பட்டால், அன்று அவர் கொடுத்த வாக்குமூலம் அவர் வழக்கிலேயே சான்றாக வரலாம். 258ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்குறுதி கொடுத்தோ வாங்கியது என்றால் நீதிமன்றம் அதை ஏற்காது. சார்ஜன்ட் பதவிக்குக் கீழே உள்ள போலீஸ்காரரிடம் சொன்னதையும் சான்றாக வைக்க முடியாது. மற்றபடி, இந்திய நினைப்பில் 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்றிருந்தால் அது நடக்காது. சாட்சிக் கூண்டில் வேறு மாதிரி பேசினால், பழைய வாக்குமூலத்தை எடுத்து நீட்டி இதில் எது உண்மை என்று கேட்பார்கள்.

உண்மையைச் சொல்லக் கடமை உண்டு. பொய்யென்று தெரிந்தே அரசு அதிகாரிக்குத் தகவல் கொடுத்தால் சிறைக்கே போகலாம். ஆனால் தன்மேல் குற்றச்சாட்டு வரக்கூடிய எதையும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அதே 22ஆம் பிரிவு சொல்கிறது. அதை அறையில் யாராவது எடுத்துச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம், தெரிந்துகொண்டு போவது நல்லது.

இன்னொரு வகை வாக்குமூலம் இருக்கிறது, அதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர்மேல் குற்றம் சாட்டும்போது 23ஆம் பிரிவின் கீழ் வாங்குவது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்துப் படித்துக் காட்டுவார்கள். கூடவே ஓர் அறிவிப்பும் படிப்பார்கள்: உங்கள் தரப்பு நியாயம் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள்; இப்போது சொல்லாமல் வைத்திருந்து நீதிமன்ற விசாரணையின்போது மட்டும் சொன்னால், நீதிபதி அதை நம்பும் வாய்ப்புக் குறையலாம். இந்த அறிவிப்பைக் கேட்டால் நீங்கள் சாட்சி இல்லை, குற்றஞ்சாட்டப்பட்டவர் என்று பொருள். அங்கே மௌனத்துக்கும் விலை உண்டு. வாக்குமூலம் வாங்கும்போது வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இங்கே கேட்க முடியாது. கைதானவருக்கு நியாயமான கால அளவுக்குள் வழக்கறிஞரைக் கலந்துபேசும் உரிமை உண்டு. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லாத குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 டிசம்பரிலிருந்து அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. வேலை அனுமதியில் வந்தவர்கள் புரோ போனோ எஸ்ஜி அமைப்பு நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தை நாடலாம்.

சொல்லுக்கே திரும்பி வருகிறேன். என் தாத்தா காலத்து ஆட்கள் இங்கே போலீஸ்காரரை 'மாத்தா' என்பார்கள், மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, மலாயில் கண் என்று பொருள். கண் பார்க்கும், வாக்குமூலம் வாயிலிருந்து வருவது. வாக்கு, மூலம், அவ்வளவுதான் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஒப்புக்கொண்டால் அதற்கு 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று தனிப் பெயர் இருக்கிறது. சாகும் தருவாயில் சொன்னால் 'மரண வாக்குமூலம்'. அடைமொழி இல்லாத வாக்குமூலம் குற்றத்தையும் சொல்லவில்லை, குற்றமின்மையையும் சொல்லவில்லை. செய்தி எழுதுகிறவர்கள் சாட்சி சொன்னவரையும் ஒப்புக்கொண்டவரையும் ஒரே 'வாக்குமூலம் அளித்தார்' என்ற வரியில் அடைத்துவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. 'பார்த்ததைத் தெரிவித்தார்' என்று எழுத ஒரு சொல்கூடக் கூடுதலாகாது. ஊரில் ஒரு தாய் அழாமல் இருப்பார். அதேபோல 'விசாரணைக்கு உதவி வருகிறார்' என்ற வரியைப் படித்துவிட்டு, அவர் வெறும் சாட்சி என்றோ அவர்தான் குற்றவாளி என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வரி இரண்டுக்கும் பொருந்தும்.

எனக்கு அன்று வாக்குமூலத்தின் நகல் தரவில்லை. அதனால் வெளியே வந்ததும் புளோக்கின் கீழே உள்ள கல் மேசையில் உட்கார்ந்து, என்ன சொன்னேன், எவற்றைத் திருத்தினேன், அதிகாரியின் பெயர், புகார் எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, தேநீர் கொட்டியதும் இளைஞர் சட்டையை உதறியது நினைவுக்கு வந்தது. கை நீண்டது அதற்கு முன்பா பின்பா என்பதும் தெளிவானது. அதிகாரியை அழைத்துச் சொன்னேன். மறுபடி வரச் சொல்லி, கூடுதலாக ஒரு வாக்குமூலம் எழுதிக்கொண்டார். விட்டுப்போனதைப் பிறகு சேர்க்க வழி இருக்கிறது. அதற்காகப் பயந்துகொண்டு, முதல் நாளே ஊகத்தையும் கலந்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை.

அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரிவிக்கப்படவில்லை; நீதிமன்றத்துக்கு அழைப்பும் வரவில்லை. முதியவரை ஐந்தாறு மாதம் கழித்து அதே கடையில் பார்த்தேன். தட்டை இடக்கையில் ஏந்தி வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

போன மாதம் எங்கள் கிடங்கில் வேலை செய்யும் மன்னார்குடித் தம்பி ஒருவனுக்கு அழைப்பு வந்தது. சாலை விபத்து ஒன்றைப் பார்த்திருக்கிறான். முந்தைய இரவு அவனை உட்கார வைத்து, 'இடித்தது', 'மோதியது', 'உரசியது' மூன்றையும் கையால் காட்டிக் காட்டிப் பழக்கினேன். லாரி எந்தப் பக்கம் வந்தது என்பதை இடம் வலம் என்று சொல்லாமல், எந்தக் கடை இருக்கும் பக்கம் என்று சொல்லச் சொன்னேன். விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போய் வெளியே காத்திருந்தேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தான், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, நான்கு இடத்தில் திருத்தச் சொன்னேன்" என்றான். "கடைசித் திருத்தம் என்னுடைய அப்பா பெயர்."

பிறகு பசிக்கிறது என்றான். எதிரே இருந்த கடையில் ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம். அவன் ஊருக்குக் கைப்பேசியை எடுத்தபோது, அந்தச் சொல்லைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்தேன் என்று மட்டும் சொல் என்றேன்.